சலூன்காரர் வீட்டு மக்னோலியா

ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் ஆபரேட்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவள் பின்னாலேயே தெருவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆயுளின் நல்ல பாதியை அவள் கழித்தாள். பிரசவ வார்டு, எலும்பு வார்டு, பிணவறை எல்லாம் ஒரே பலகையில் அடுத்தடுத்த பொத்தான்கள். விரல் கொஞ்சம் தள்ளிப் பட்டால் போதும், பிள்ளை பிறந்துவிட்டதா என்று கேட்கிறவன் பிணவறைக் காவலாளியிடம் கேட்டுக்கொண்டிருப்பான். அப்படி நடக்க அவள் விட்டதில்லை. கெட்டிக்காரி என்று சொல்லிவிட முடியாது. கவனமானவள்.

அந்த வேலைக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டு, எங்கப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பார்கள். பல நேரம் அவளுக்குப் பதில் தெரிந்திருக்கும். சற்று முன்புதான் அந்த வார்டிலிருந்து பிணவறைக்கு அவளே லைன் கொடுத்திருப்பாள். ஆனாலும் அதைச் சொல்லக் கூடாது. “லைன்லயே இருங்க, டாக்டர் பேசுவார்” என்று சொல்ல வேண்டும். செய்தியில் நோகாத பாதி ஆபரேட்டருக்கு, நோகிற பாதி டாக்டருக்கு. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதையே வருஷக்கணக்காகச் செய்துவந்தால், நோகிற பாதியைச் சொல்லப் பின்னால் யாரோ வருவார் என்ற நம்பிக்கை ஒருவருக்குள் ஊறிப்போய்விடுகிறது. வீட்டில் அப்படி யாரும் வருவதில்லை. இதை அவள் யோசித்துப் பார்த்ததில்லை.

குளிருக்குப் பேர்போன அந்த மலை ஊரின் கடைத்தெருவில் கணவர் சலூன் வைத்திருந்தார். இரண்டு நாற்காலி, எதிரும் புதிருமாகக் கண்ணாடி, நடுவில் அவர் பேச்சு. கடையில் ஓயாத வாய், வீட்டு வாசலில் செருப்போடு சேர்ந்து கழன்றுவிடும். கெட்ட மனிதர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஆனால் ‘தப்பு’ என்ற சொல் அவர் காதில் விழக் கூடாது. கல்யாணமான புதிதில் அவர் ஆசையாக ஓர் அலமாரி வாங்கிவந்தார். இது அறைக்கதவில் நுழையாதே என்று அவள் சொல்லிவிட்டாள். நுழையவில்லை. அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். இறக்குவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. அலமாரி இன்றைக்கும் நடையில்தான் நிற்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். அன்றிலிருந்து அவர் செய்த தப்பைச் சொல்லாமலே சரிசெய்கிற வித்தையை அவள் பழகிக்கொண்டாள். உப்பு குறைவாகப் போட்டுவிட்டு அவர் நகர்ந்தால், அந்தப் பக்கம் இவள் போட்டுவிடுவாள். குடும்பம் ஓடியது. ஓடுகிற குடும்பத்தை நல்ல குடும்பம் என்று நினைத்துக்கொள்வது எளிது.

ஒரே மகள். அப்பாவின் வாயும் அப்பாவின் பிடிவாதமும் அப்படியே வந்திருந்தன. ஊருக்கு வெளியே இருந்த ஒரு நர்சரியில் செடி பதியம் போடும் வேலைக்குப் போனாள். அங்கே லாரி ஓட்டிய ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு ஏற்கெனவே கல்யாணமாகி, முறிந்து, ஒரு பெண் குழந்தையும் இருந்தது. அந்த ஆள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று அப்பா சொன்னார். நீங்களாகக் கூப்பிடாமல் உங்கள் வீட்டுக்குள் நானும் கால் வைக்க மாட்டேன் என்று மகள் சொன்னாள். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்கள். இந்தக் குணத்தை எல்லாரும் மெச்சுகிறார்கள். பக்கத்தில் இருந்து அனுபவிக்கிறவர்களைத் தவிர.

அடுத்த வருஷம், குளிர் விட்ட ஒரு காலை நேரத்தில், மகள் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு தொட்டி. தொட்டியில் முழங்கால் உயரத்துக்கு நாலு குச்சி.

“உள்ள வாயேன்டி. அவர் கடைக்குப் போயாச்சு.”

“அவர் இருக்கும்போது வர முடியாத வீட்டுக்கு இல்லாதப்ப எதுக்கும்மா வரணும்? திருடியா நான்?”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே தொட்டியைக் கொடுத்தாள். மக்னோலியா. இரண்டு வகையைக் கலந்து உண்டாக்கிய குட்டை ரகம் என்றாள். பெரிய மக்னோலியா மாதிரி வானத்துக்குப் போகாது. ஜன்னலை மறைக்காது, சுவரைப் பெயர்க்காது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் வளர்ந்து நின்றுவிடும். இலை வருவதற்கு முன்னாலேயே வெறும் கிளையில் பூக்கும். வெளியே ஊதாச் சிவப்பு, உள்ளே வெளிர் நிறம், கிண்ணம் கிண்ணமாக. பிறகு நடும் முறையைச் சொன்னாள். தொட்டியில் இருக்கிற மண்மட்டம்தான் தரைமட்டம், ஆழப் புதைத்தால் மூச்சு முட்டிப் போகும். வேர் இஞ்சி மாதிரி சதையாக, மேலாகவே ஓடும், பக்கத்தில் கொத்தக் கூடாது. அடியில் காய்ந்த சருகை மெத்தையாகப் போட வேண்டும். முதல் இரண்டு கோடை தண்ணீர் தவறக் கூடாது. ஆபரேட்டரம்மா தலையாட்டினாள். கேட்பது அவள் தொழில்.

“முக்கியமானது இதும்மா. வெட்டாதீங்க. கோடை முடியறதுக்குள்ளயே அடுத்த வருஷத்து மொட்டு கிளை நுனியில வந்து உக்காந்துரும். இலை கொட்டினதுக்கு அப்புறம் வெட்டினா பூவைத்தான் வெட்டுறீங்கன்னு அர்த்தம். அப்பா கை சும்மா இருக்காது. சொல்லி வை.”

போகத் திரும்பியவள் நின்றாள். “பூத்தா சொல்லு. பாக்க வரேன்.” இன்னும் கொஞ்சம் யோசித்து, “மரத்தைப் பாக்கத்தான்” என்றாள்.

வீம்பு பிடித்த இரண்டு பேருக்கு நடுவில், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. தலை குனியாமல் நுழைய ஒரு வழி. மகள் அதை யோசித்துத்தான் செய்தாளோ, தற்செயலாக அமைந்ததோ, அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இந்தக் குச்சி பூத்தால் மகள் வீட்டுக்குள் வருவாள்.

சாயங்காலம் கணவர் வந்தார். வாசலில் தொட்டியைப் பார்த்தார். யார் கொண்டுவந்தது என்று கேட்கவில்லை. கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டார். பூத்தால் பார்க்க வருவதாக மகள் சொன்னாள் என்றாள் அவள். அவர் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பப் பூக்கும்?”

“ரெண்டு மூணு வருஷம் ஆகும்போல.”

அவ்வளவுதான். மறுபாதி அவள் நாக்கு நுனிவரை வந்தது. வெட்டக் கூடாதாம், உங்கள் மகள் சொன்னாள். வெட்டியே பிழைத்த மனிதரிடம், பேச்சு நின்றுபோன மகளிடமிருந்து, இப்படி ஓர் உத்தரவு. அவர் மூஞ்சி எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். இப்போதுதான் எப்பப் பூக்கும் என்று கேட்டிருக்கிறார், அதைக் கெடுப்பானேன்? இலை கொட்ட இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

மறுநாள் அவரே குழி வெட்டி நட்டார். ஆழமாகத்தான் நட்டார். அவர் கடைக்குப் போன பிறகு, அடித்தண்டைச் சுற்றி ஏறியிருந்த மண்ணை அவள் கையாலேயே தள்ளி, மட்டத்தைச் சரிசெய்துவிட்டாள். வழக்கமான வித்தை.

அந்த மரத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு பிடிப்பு வரும் என்று அவள் நினைக்கவில்லை. தலைமுடி நல்ல உரம் என்று நாற்காலியில் உட்கார்ந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். தினமும் கடையில் கூட்டிய முடியைப் பையில் கட்டிக்கொண்டு வந்து அடியில் பரப்புவார். கறுப்பும் நரையும் சாயம் பூசியதுமாக மரத்தடி ஒரு தினுசாக இருக்கும். எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற டிராயிங் வாத்தியார் ஒருவர் இருந்தார், தலை வழுக்கை.

“என்ன சலூன்காரரே, ஊர்த் தலையெல்லாம் உங்க வாசல்ல கெடக்கு?”

“உங்களது இதுல இருக்காது வாத்தியாரே. தேடாதீங்க.”

இரண்டாவது வருஷம் இலை உதிர்ந்தது. கடையில் கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் அவர் நீளக் கத்தரியோடு வந்தார். நாலடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, ஒரு வாடிக்கையாளரைப் பார்ப்பது போல மரத்தைப் பார்த்தார். சுற்றிவந்தார். வெட்ட ஆரம்பித்தார்.

அவள் ஜன்னலைத் திறந்தாள். “கொஞ்சம் விட்டு வைக்கலாமேங்க.”

“நுனியைக் கிள்ளினாத்தான் அடர்த்தியா வரும். எத்தனை தலை பாத்திருக்கேன்.”

அவள் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு போய்க் கூட்டினாள். முறத்தில் கிடந்த குச்சிகளின் நுனியில் சாம்பல் நிற ரோமம் போர்த்திய மொட்டுகள் இருந்தன, பூனைக்குட்டியின் பாதம் மாதிரி. ஒன்றை நகத்தால் பிளந்தாள். உள்ளே ஈரமாக, மடித்து மடித்து, ஊதாச் சிவப்பு. எதுவும் தெரியாதது போல அள்ளிக் கொட்டினாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் காலையில் வெறும் தகவலாக இருந்தது, மத்தியானத்துக்குள் குற்றச்சாட்டாகிவிட்டது. இப்போது சொன்னால், நீங்கள் தப்புச் செய்துவிட்டீர்கள் என்று சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் சொன்னால், இரண்டு முறை செய்துவிட்டீர்கள், நான் பார்த்துக்கொண்டு இருந்தேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் வைத்த சொல் இருந்த இடத்தில் இருந்தபடியே கனத்துக்கொண்டு போகிறது. தூக்கக்கூடிய எடையில் இருக்கும்போது யாரும் தூக்குவதில்லை.

இப்படியே ஐந்தாறு வருஷம் போயிற்று. மரம் நன்றாகவே வளர்ந்தது. இலை செழித்தது. ஒவ்வொரு வருஷமும் உருண்டையாக, ஒழுங்காக, அப்போதுதான் கிராப் வெட்டிய தலை மாதிரி நின்றது. கோடையில் ஒன்றிரண்டு பூ தப்பித்தவறி வருமாம் இந்த ரகத்தில், அதுவும் வரவில்லை. வாத்தியார் ஒருநாள், கிராப் சரி, ஷேவிங்கையும் முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கணவர் சிரிக்கவில்லை. குளிர் விடுகிற நாட்களில் கடைக்குப் போகும் முன் ஒவ்வொரு கிளையாகத் தடவிப் பார்ப்பார். இலைமொட்டு விரிவதைக் கண்டதும் கேட்டைச் சாத்திவிட்டுப் போவார்.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். அன்றைக்குத்தான் சலூனில் கூட்டம், அப்பா வீட்டில் இருக்க மாட்டார்.

“பூத்துச்சாம்மா?”

“இன்னும் இல்லடி.”

வெயில் போதவில்லையா, ஆழமாக நட்டுவிட்டீர்களா, மண்ணில் சுண்ணாம்பு ஏறியிருக்கிறதா என்று மகள் ஒவ்வொன்றாகக் கேட்பாள். அவள் எல்லாவற்றுக்கும், பார்க்கிறேன், பார்க்கிறேன் என்பாள். வெட்டினீர்களா என்று மகள் கேட்கவில்லை. அதைத்தான் அன்றைக்கே சொல்லியாயிற்றே. வரவர மகள் மரத்தைப் பற்றிக் கேட்பதே குறைந்தது. கடைசியில் ஒருநாள், “அங்க இருக்கவங்களுக்கு விருப்பம் இருந்தாத்தானேம்மா அது பூக்கும்” என்றாள்.

ஒரு வசந்தத்தில் நடந்தது ஒன்று உண்டு. சுவரை ஒட்டிய பின்பக்கத்தில், கத்தரி எட்டாத ஒரு தாழ்ந்த கிளையில், ஒரே ஒரு பூ விரிந்திருந்தது. காலையில் வாளியோடு போனவள் பார்த்தாள். கிண்ணம் போல, மகள் சொன்ன அதே நிறம். அவர் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அது அரை நிமிஷம்கூட இருக்கவில்லை. கத்தரி படாத இடத்தில் மட்டும் பூத்திருக்கிறது என்பதைப் பார்த்தால் அவருக்குப் புரிந்துவிடும். புரிந்தால் அடுத்த கேள்வி தன்னிடம் வரும். பூவைக் காம்போடு கிள்ளினாள். சருகுக் குவியலுக்கு அடியில் தள்ளினாள். அன்று முழுவதும் விரல் மணத்துக்கொண்டிருந்தது. மகளை வீட்டுக்குள் கொண்டுவரவேண்டிய பூ அது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவரைக் காப்பாற்றுகிறோம் என்று எப்போதோ தொடங்கிய மௌனம், எப்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற மௌனமாக மாறியது என்று அவளைக் கேட்டால் சொல்ல முடியாது.

அதற்கடுத்த வருஷம், கோடைக் கடைசியில், கணவர் கடைப்படியில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு ஒடிந்தது. கட்டு பிரித்த பிறகும் விரல் மடங்கவில்லை. இலை உதிர்ந்தபோது ஜன்னலில் உட்கார்ந்து மரத்தைப் பார்த்தபடி, தலை பறட்டையாகப் போகிறதே என்று புலம்பினார். ஆளை வைத்து வெட்டலாம் என்றார். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அவள். கைதான் சரியில்லையே என்று அவரும் விட்டுவிட்டார்.

குளிர் விட்டது. ஒருநாள் காலை மரம் முழுக்கப் பூ. இலை ஒன்றுகூட இல்லை, கிளைகூடத் தெரியவில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கணவர் வாசலில் நெடுநேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, போனை இடது கையால் எடுத்து, அவளிடம் நம்பர் கேட்டார். அவள் சொல்லச் சொல்லத் தானே அழுத்தினார்.

“நான்தான். பூத்திருக்கு.” ஜன்னல் வழியாக மரத்தை ஒருமுறை எட்டிப்பார்த்தார். “வீட்டுக்கு வா.”

மறுநாளே மகள் வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு நேரே மரத்தடிக்கு வந்தாள். அப்பா எதிரே நின்றார். இரண்டு பேரும் முதலில் பூவைப் பற்றித்தான் பேசினார்கள். நிறம், மணம், இத்தனை பூ. ஆபரேட்டரம்மா டீத் தட்டோடு படியில் நின்றாள்.

“இத்தனை வருஷமா ஏன்ப்பா பூக்கல? இந்த ரகம் மூணாவது வருஷமே பூக்கும்.”

“நானும் என்ன பண்ணலை சொல்லு. உரம் போட்டேன், தண்ணி விட்டேன். வருஷா வருஷம் இலை கொட்டினதும் நானே நுனி வெட்டினேன், அடர்த்தியா வரட்டும்னு. இந்த வருஷம்தான் கை ஒடிஞ்சு…”

அவர் நிறுத்தினார். மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அன்னைக்கே சொன்னேனேம்மா. வெட்டினா பூக்காதுன்னு. அப்பாகிட்ட சொல்லுன்னு.”

“சொன்னாளா?” என்று கணவர் மனைவியிடம் கேட்டார்.

“சொன்னா.”

“உனக்குத் தெரியும்.”

“நீங்க வருத்தப்படுவீங்கன்னு…”

அவர் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

“பூத்தா வருவான்னு சொன்ன. எதனால பூக்காதுங்கறதை வச்சுக்கிட்ட. ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்க.”

சொன்னால் கேட்டிருப்பீர்களா என்று அவள் கேட்டிருக்கலாம். நடையில் நிற்கிற அலமாரியைச் சாட்சிக்கு இழுத்திருக்கலாம். கேட்டிருப்பார் என்பதற்கும் ஆதாரம் இல்லை, கேட்டிருக்க மாட்டார் என்பதற்கும் இல்லை. அதைச் சோதித்துப் பார்க்கிற வாய்ப்பை அவருக்குத் தராமல் வைத்துக்கொண்டவள் அவள்தான். இந்த ஒரு விஷயத்தில் அவர் எப்படிப்பட்டவர் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை, அவருக்கும்கூட. சருகுக்கு அடியில் தள்ளிய பூவைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மகள் வீட்டுக்குள் வந்தாள், உட்கார்ந்தாள், டீ குடித்தாள். எதற்காக ஆபரேட்டரம்மா காத்திருந்தாளோ அது நடந்தது. ஆனால் அப்பாவும் மகளும் பேசப் பேச, நடந்த கதையே வேறாகிக்கொண்டு வந்தது. அப்பாவின் வீம்பு, மகளின் வீம்பு, வாசலை மிதிக்க மாட்டேன் என்று விட்ட வார்த்தை எல்லாம் எங்கேயோ போய்விட்டன. இத்தனை வருஷம் பேசாமல் இருந்ததற்கு ஒரே காரணம்தான் மிஞ்சியது. அது தட்டோடு நின்றுகொண்டிருந்தது. சமாதானமாகப் போகிறவர்களுக்கு மூன்றாவதாக ஓர் ஆள் கிடைத்துவிட்டால் சௌகரியம். அவர்கள் அநியாயம் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. இல்லாததை ஒன்றும் அவள் மேல் போடவில்லை.

அதற்குப் பிறகு மகள் போன் செய்வது சலூனுக்கு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் போன் அடிக்கவில்லை. கணவர் மகள் வீட்டுக்குப் போய்வந்தார், மருமகனோடு லாரியில்கூட ஒருமுறை போய்வந்தார். மருமகனின் முதல் கல்யாணத்துப் பெண்ணுக்கு அவரே முடி வெட்டிவிட்டார், விரல் சரியாக மடங்காத கையோடு. மகள் வேறு வீடு மாறிவிட்டாள் என்ற செய்தியை ஆபரேட்டரம்மா எதிர்வீட்டு வாத்தியாரிடமிருந்துதான் தெரிந்துகொண்டாள். சலூனில் அவர் காதில் விழுந்ததாம். தெரியும் என்பது போலத் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

பூ உதிர்ந்த கையோடு, மகள் சொன்ன இடத்தில், சொன்ன அளவுக்கு மட்டும் அவர் கிளை கழித்தார். இலை கொட்டிய பிறகு கத்தரி பக்கம் போகவே இல்லை. மகள் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் கேட்டார். ஆபரேட்டரம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கக்கூடியவர்தான் என்பதற்கு அது ஆதாரம் ஆகிவிடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதைப் பலமுறை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

மறு வசந்தம் வந்தது. மொட்டுகளின் ரோமப் போர்வை பிளந்து நிறம் எட்டிப்பார்த்த சமயம். சாயங்காலச் செய்தியில், இன்றிரவு உறைபனி விழும் என்று சொன்னார்கள். திறந்த மொட்டில் பனி பட்டால் விடிவதற்குள் தீய்ந்த மாதிரி பழுப்பாகிவிடும். இதுவும் என்றைக்கோ மகள் போனில் சொன்னதுதான். அவள் ரேடியோவை அணைக்கக்கூட நிற்கவில்லை. இந்த முறை யோசிக்கவில்லை, நாளைக்கு என்று வைக்கவில்லை. அலமாரியை இடித்துக்கொண்டு நடையைக் கடந்து வாசலுக்குப் போனாள்.

“ஏங்க, ராத்திரி உறைபனியாம். மரத்தை மூடணும்.”

அவர் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார். சலூனிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் துணிகளைக் கிளை மேல் போட்டு, துணி காயப்போடும் கிளிப்பால் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தார். பாதி மரம் மூடியாகிவிட்டது.

“தெரியும். மத்தியானமே பொண்ணு சொல்லிட்டா.”

தரையில் தொங்கிய ஒரு துணியின் முனையை அவள் எடுத்தாள். எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டலாம் என்று நினைத்தாள்.

“விட்டுடு. மொட்டு உதிரும். நான் பாத்துக்கறேன். குளிருது, நீ உள்ள போயிடு.”

அவர் குரலில் கோபம் துளிகூட இல்லை. கடைக்கு முதல்முறையாக வருகிறவர்களிடம் அவர் அந்த மாதிரித்தான் பேசுவார்.